மூட்டு வலி: விழுங்குமுன் தடவிப் பாருங்கள்



களக்காட்டுக்கும் தீராத வலிக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. டோனாவூரில் ஊழியம் செய்துவந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ஆம் ஆண்டு ஒரு மாலையில் களக்காட்டுக்கு வந்தார். இங்கே மருந்தகம் தொடங்குவதற்காக எடுக்கப்பட்டிருந்த வீட்டைப் பார்ப்பதே அவர் நோக்கம். பொழுது சாய்ந்துவிட்டபடியால், அங்கே தோண்டியிருந்த குழியைக் கவனியாமல் அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் அவர் பழையபடி நடமாடவில்லை. மூட்டுவாதமும் நரம்பு வேதனையும் சேர்ந்துகொண்டன. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார்.

அந்நாட்களில் அவர் எழுதிய 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூல் 1933-இல் வெளிவந்தது. நோயாளிகளுக்கென்று சுகமுள்ளவர்கள் எழுதும் ஆறுதல் கைப்பிரதிகள் நோயாளியின் உள்ளத்தைத் தொடுவதில்லை என்பதை அவர் படுக்கையில் இருந்தபடி கண்டுகொண்டார். ஆகவே நோயாளிக்கு நோயாளி எழுதும் கடிதங்களாக அந்நூலை எழுதினார். எங்களைப் போன்ற குருமாருக்கு அதில் ஒரு எச்சரிப்பு உண்டு. வலியோடிருப்பவரிடம், "பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெபிக்கிறோம்" என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்தால் நம் கடமை முடிந்துவிடாது. வலி குறைய வழியிருந்தால் அதைக் கற்றுக்கொண்டு போய்ச் சொல்வதும் நம் கடமையே. இம்மாதப் பாடத்தை அந்த எண்ணத்தோடு எழுதுகிறோம்.

1. எந்த வலியைப்பற்றிப் பேசுகிறோம்?

வயது ஏற ஏற மூட்டுகளில் உண்டாகும் தேய்மானத்தைப்பற்றியே இங்கு முக்கியமாகப் பேசுகிறோம். எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டைச் சுற்றிலும் வீக்கமும் வலியும் தோன்றும். நம் பகுதியில் இதற்குக் காரணங்களைத் தேடவேண்டியதில்லை. வாழைத்தார் சுமந்து வரப்பில் நடந்தவர்கள், குனிந்து நாற்று நட்டவர்கள், சம்மணமிட்டு நாள் முழுவதும் பீடி சுற்றியவர்கள் நம் எல்லாச் சபைகளிலும் இருக்கிறார்கள். முன்பு முழங்காற்படியிட்டு ஜெபித்த தாய்மார்கள் இன்று ஆலயத்தில் சுவரோரமாக நாற்காலி தேடுகிறார்கள்.

தேய்மானம் தவிர, காய்ச்சலுக்குப் பின் தங்கிவிடும் மூட்டு வலியும் உண்டு. 2006-இல் சிக்குன்குனியா தமிழகமெங்கும் பரவியபோது, காய்ச்சல் சில நாட்களில் விட்டாலும் மூட்டு வலி பலரை மாதக்கணக்கில் வாட்டியது. வலி மாத்திரைகளைத் தாங்களாகவே கடையில் வாங்கி விழுங்கும் பழக்கம் பல வீடுகளில் அப்போது வேரூன்றிவிட்டது.

2. மாத்திரை எந்த வழியாய்ப் போகிறது?

முழங்கால் வலிக்கிறது, மாத்திரையை வாயில் போடுகிறோம். அது நேரே முழங்காலுக்குப் போவதில்லை. இரைப்பையில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் வழியாக இரத்தத்தில் கலந்து சரீரம் முழுவதும் சுற்றுகிறது. அதில் ஒரு சிறு பங்கே வலிக்கிற மூட்டை எட்டுகிறது. மீதி எங்கெங்கே செல்கிறதோ அங்கெல்லாம் தன் வேலையைச் செய்கிறது.

அந்த வேலை என்ன என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி விளக்கினார். அதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. நம் சரீரத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள் சுரக்கின்றன. காயப்பட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறவை இவைகளே. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவைகள் உண்டாவதைத் தடுப்பதால் வலி குறைகிறது. ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதே பொருட்கள்தான். ஆகவே டைகுளோஃபினாக், ஐபூபுரூஃபன், அசிகுளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குகிறவருக்கு முழங்காலில் நிவாரணம் கிடைக்கும் அதே வேளையில், வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம். இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் கெடலாம், இருதயத்துக்கும் கேடு உண்டாகலாம்.

இதே டைகுளோஃபினாக்கைப்பற்றிக் கழுகுகளும் ஒரு சாட்சி சொல்லியிருக்கின்றன. 1990-களில் இந்தியாவெங்கும் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைகுளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்பது 2004-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 2006-இல் இந்திய அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. பறவையின் சரீரம் வேறு, மனிதனின் சரீரம் வேறு. கழுகு மடிந்த அளவால் மனிதன் மடிவதில்லை. ஆனாலும் "சாதாரண வலி மாத்திரைதானே" என்று நாம் இலேசாய் எண்ணும் மருந்து எவ்வளவு வலிமையுள்ளது என்பதை இதனால் அறிகிறோம்.

அதிலும் வெயிலில் வேலை செய்து, போதிய தண்ணீர் குடியாமல், மாலையில் இம்மாத்திரையை விழுங்குகிறவரின் சிறுநீரகம் இரட்டைச் சுமை சுமக்கிறது. முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் அதிகம். மருந்துக் கடையில் காகிதக் கவரில் "ஒரு செட்" என்று கலந்து கொடுக்கும் மாத்திரைகளில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கலாம், ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கலாம்.

3. தோல் வழியாய்ப் போகும் மருந்து

அதே டைகுளோஃபினாக் ஜெல்லாகவும் கிடைக்கிறது. முழங்கால், கை விரல், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகள் தோலுக்கு அருகில் இருக்கின்றன. அவற்றின்மேல் தடவினால் மருந்து தோலைக் கடந்து அந்த மூட்டைச் சுற்றியுள்ள தசைகளில் தங்கி வேலை செய்கிறது. ஒரு முழங்காலில் முழு அளவு தடவினாலும், இரத்தத்தில் கலக்கும் மருந்து மாத்திரையால் கலப்பதில் நூற்றுக்கு 6 பங்கு அளவே. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து குறைவதன் இரகசியம் இதுதான்.

பலன் எப்படி? 2016-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் 6 முதல் 12 வாரம் தடவிய பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. டைகுளோஃபினாக் தடவியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 60 பேருக்கு வலி பாதியாவது குறைந்தது. மருந்து இல்லாத வெறும் களிம்பைத் தடவியவர்களில் 100-க்கு 50 பேருக்கும் அவ்வாறே குறைந்தது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். ஜெல் அற்புத மருந்தல்ல. இதமாகத் தேய்ப்பதும், நாளுக்கு மூன்று முறை ஒருவர் அந்த மூட்டைக் கவனிப்பதும் சேர்ந்தே நிவாரணம் தருகின்றன. வலியும் தானாகவே ஏறி இறங்கும் தன்மையுடையது. ஆனால் மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், முழங்காலுக்கும் கைக்கும் ஜெல் ஏறக்குறைய சமமான பலனையே தந்தது. பலன் சமமானால் கேடு குறைந்ததை முதலில் எடுப்பதே ஞானம். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டியும், பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் முழங்கால் தேய்மானத்துக்கு வெளிப்பூச்சு மருந்தைப் பரிந்துரைக்கின்றன. அது போதாவிட்டால் மாத்திரையை யோசிக்கலாம். அதுவும் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு.

4. தைலங்கள் எல்லாம் ஒன்றல்ல

தைலம் தேய்ப்பது நமக்குப் புதிதல்ல. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கி, 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனம் இல்லாத வீடு அபூர்வம். சிங்கப்பூரில் 1928-இல் பிறந்த கோடாலித் தைலத்தை, கடல் கடந்து போன நம் உறவினர்கள் ஊர் திரும்பும்போதெல்லாம் வாங்கிவந்தார்கள். நீலகிரித் தைலமும் அப்படியே.

இவைகளில் பெரும்பாலும் மெந்தால், கற்பூரம், மீதைல் சாலிசிலேட் போன்றவை உள்ளன. மெந்தால், குளிரை உணரும் நரம்பைத் தூண்டி வலியை மறக்கச் செய்கிறது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் சேர்ந்த களிம்பும் உண்டு. முதலில் எரியும், நாள்தோறும் சில வாரம் தடவினால் அந்த நரம்பு வலியைச் சொல்வதையே குறைத்துக்கொள்ளும். மிளகாய் ஏன் எரிகிறது என்பதை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

ஆகவே டியூபின்மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். டைகுளோஃபினாக் டைஎத்திலமைன் 1.16 சதவீதம் என்று இருந்தால் அது வீக்கத்தைக் குறைக்கும் மருந்து. மெந்தாலும் கற்பூரமும் மாத்திரம் இருந்தால் அது சற்று நேர இதம் தரும் தைலம். நம் நாட்டு ஜெல்கள் பலவற்றில் இரண்டும் கலந்திருக்கின்றன.

5. தடவும் முறை

முதலாவது, அளவு. பலர் பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டு, "களிம்பு கேட்கவில்லை" என்கிறார்கள். முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அப்படியானால் முழங்காலுக்கு நான்கு முதல் எட்டு விரல் அளவு தேவை. கை மூட்டுகளுக்கு நான்கு விரல் அளவு போதும்.

இரண்டாவது, நேரம். நாளுக்கு மூன்று அல்லது நான்கு முறை, தவறாமல் தடவவேண்டும். வலி வந்தபோது மட்டும் தடவினால் முழுப் பலன் தெரியாது. இரண்டு மூன்று வாரம் பார்த்த பின்பே கேட்கிறதா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, சுத்தம். காயமோ புண்ணோ உள்ள தோலில் தடவலாகாது. தடவிய பின் கையைக் கழுவுங்கள். கை விரலுக்கே தடவியிருந்தால் ஒரு மணிநேரம் கழித்துக் கழுவுங்கள். கண்ணில் படக்கூடாது. தடவிய இடத்தில் கடும் வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்வது நல்லது.

நான்காவது, சூடு. தைலமோ ஜெல்லோ தடவிய இடத்தின்மேல் வெந்நீர் ஒத்தடம், உப்பு ஒத்தடம் கொடுக்காதீர்கள். இறுகக் கட்டும் போடாதீர்கள். தோல் வெந்து கொப்புளம் உண்டாகும். ஒத்தடம் வேண்டுமானால் தனியே வேறு நேரத்தில் கொடுங்கள். நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்கள் சூடு அறியமாட்டார்கள். அவர்களுக்கு இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளைகள். மீதைல் சாலிசிலேட் எண்ணெய் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலும் சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். தாத்தாவின் தைலப் புட்டி தலைமாட்டில் இருக்கவேண்டாம். எட்டாத அலமாரியில் இருக்கட்டும்.

6. களிம்பு போதாத இடங்கள்

இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் களிம்பு அங்கே எட்டுவது கடினம். ஒரு மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் கண்டால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். காலையில் எழுந்ததும் கை விரல்கள் பலவும் ஒரு மணிநேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வெறும் தேய்மானமாய் இராது. முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கென்று வேறு மருந்துகள் உண்டு. களிம்பைத் தடவிக்கொண்டு காலம் கடத்தினால் மூட்டுகள் கோணிப்போகும்.

ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் இவைகளைத் தடவக்கூடாது. ஜெல்லும் தடவி, அதே வகை மாத்திரையும் விழுங்குவது ஜெல்லின் நன்மையையே கெடுத்துவிடும். ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இப்பாடத்தை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை போகும்போது, "எனக்கு வெளிப்பூச்சு போதுமா ஐயா?" என்று கேளுங்கள்.

களிம்போடு சேரவேண்டிய இரண்டு உண்டு. ஒன்று, பயிற்சி: நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. தொடைத் தசை பலப்பட்டால் முழங்காலின் பாரம் குறையும். மற்றொன்று, எடை: சரீர எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்காலின்மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் ஓர் ஆய்வு கண்டது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பயன்பெறுங்கள்.

7. ஒரு டியூபின் கணக்கு

இவ்வளவும் அறிந்த பின்பும் ஏழைகள் ஏன் மாத்திரையையே வாங்குகிறார்கள்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு நான்கு முறை, வேளைக்கு 4 கிராம் என்றால் 16 கிராம். 30 கிராம் டியூப் ஒரு முழங்காலுக்கு இரண்டு நாள்கூட வராது. வேளைக்கு 2 கிராம், மூன்று முறை என்று சுருக்கினாலும் ஐந்து நாளில் தீர்ந்துபோம். இரண்டு முழங்காலும் வலித்தால் அதுவும் பாதி. ஒரு அட்டை மாத்திரையோ அதைவிட மிக மலிவு. கூலி வேலை செய்யும் தாய், சிறுநீரகத்துக்குக் கேடு என்று தெரிந்தாலும் மலிவானதைத்தான் வாங்குவாள். அவளைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. டியூப் சீக்கிரம் தீர்ந்துவிடுமென்று பயந்து பட்டாணி அளவு தடவுவதும், பின் கேட்கவில்லையென்று கைவிடுவதும் இதனால்தான்.

நல்ல சமாரியன் உவமையில் காயங்களில் வார்க்கப்பட்ட எண்ணெயை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்ததையும், மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக ஒப்புக்கொண்டதையும் அவ்வளவாய் நினைப்பதில்லை. எண்ணெய் ஒரு நாள் வேலை. குணமாகும்வரை ஆகும் செலவை ஏற்றுக்கொள்வது பல நாள் வேலை. மூட்டு வலியும் பல நாள் நோய்.

ஆகவே உங்கள் சபைகள் செய்யக்கூடிய சிலவற்றைத் தாழ்மையாய் முன்வைக்கிறோம். பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பதற்கென மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் ஏற்பட்டன. அருகில் ஒன்று இருந்தால் டைகுளோஃபினாக் ஜெல் கிடைக்குமா என்று விசாரித்து, முதியவர்களுக்குச் சொல்லுங்கள். இயலாத ஒருவருக்கு, மருத்துவரின் ஆலோசனையோடு, ஒரு மாதத்துக்கு வேண்டிய டியூப்களை ஒரு குடும்பம் வாங்கித் தரலாம். ஆலயத்தில் பாயில் உட்கார இயலாதவர்களுக்கு, அவர்கள் கேட்குமுன்பே நாற்காலி போடலாம். தனியே இருக்கும் முதியவருக்கு, வாலிபர் ஒருவர் மாலையில் போய்த் தடவிவிட்டு, பத்து நிமிடம் பேசிவிட்டு வரலாம். களிம்பில் மருந்து இல்லாதபோதும் நூற்றுக்கு ஐம்பது பேருக்கு வலி குறைந்ததென்று பார்த்தோமே. அந்த வாலிபரின் கையை அற்பமாய் எண்ணவேண்டாம்.

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் முதியோர் கூடுகையிலும் கலந்து பேச:

1. நம் வீட்டில் யார், எத்தனை நாளாய், மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரை சாப்பிடுகிறார்கள்?

2. நம் வீட்டிலுள்ள தைலத்திலும் களிம்பிலும் என்ன மருந்து இருக்கிறது? அடுத்த கூடுகைக்குக் கொண்டுவந்து சேர்ந்து படியுங்கள்.

3. நம் சபையில் வலியின் காரணமாக ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்டவர் யார்? இந்த வாரம் அவரைப் பார்க்கப் போவது யார்?